காத்திருப்பவர்களுக்கான கண்ணாடி

மின்தூக்கிக்குள் கண்ணாடி எதற்கென்று
பதினோரு வருடமாகப் பழுது பார்க்கிற எனக்குத் தெரியும்.
முகம் பார்க்க அல்ல.
மெதுவாக ஏறுகிறதென்று
யாரும் புகார் எழுதாமல் இருக்க.
வேகம் அதேதான்.
தலைமுடியை ஒதுக்கி முடிப்பதற்குள் மாடி வந்துவிடும்,
அவ்வளவுதான் வித்தை.

அதனால் தாதி மரிசெல்
அந்தக் கறுப்புப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே வந்தபோது
நான் நம்பவில்லை.
ஊசி அதே ஊசி.

போன மாதம் நான்கு பேர் பிடித்தோம்.
நான் தோளை. அவள் அம்மா முழங்காலை.
ஏழு வயது, பத்தொன்பது கிலோ,
நான்கு பேருக்கும் வியர்த்தது.
மூன்றாவது குத்தலில்தான் நரம்பு அகப்பட்டது.
அன்று முழுக்கத் தாரிகா என்னோடு பேசவில்லை.
குத்தியவரோடு பேசினாள்,
அவரிடம் ஒட்டுப்படம்கூட வாங்கிக்கொண்டாள்.
பிடித்தவன் நானல்லவா.

இன்று காலை யீஷூனில் ரயிலேறியதிலிருந்து
வாய் திறக்காதவள்
நியூட்டனில் மாறும்போது மட்டும் கேட்டாள்:
"இன்னிக்கு எத்தனை பேரு?"
நகரும் படிக்கட்டு நீளம்.
பதிலுக்கு நீளம் போதவில்லை.

பட்டை அவள் தலைக்குப் பெரிது.
பின்னால் ஒரு துண்டை மடித்துத் திணித்தார் மரிசெல்.
பாதி முகம் பெட்டிக்குள் போனது.
மிச்சமிருந்தது வாயும்
முன்பல் விழுந்த இடமும்.

"என்ன தெரியுது?"
"தண்ணி."
"அப்புறம்?"
"தண்ணிதான்பா. இரு."

அவள் இறங்கிக்கொண்டிருந்தாள்.
நான் கட்டில் ஓரத்தில்,
முத்துக் குளிக்கப் போனவளின் கயிற்றைப்
படகிலிருந்து பிடித்தவன் மாதிரி
அவள் இடது கையைப் பிடித்தபடி.

வலது கையில் ரப்பர் பட்டை.
மரத்துப்போகும் களிம்பைத் துடைத்துவிட்டு
தட்டித் தட்டித் தேடினார்கள்.
அந்தக் கையில் நரம்புகள்
கூப்பிட்டால் ஒளிந்துகொள்ளும்.
மாதா மாதம் யாரோ முகமறியாதவர் ரத்தம்
வந்து போகிற வழி.

வேறெங்காவது பார் என்று
எனக்கு யாரும் எதையும் மாட்டிவிடவில்லை.
பார்த்தேன்.
முனை தோலில் சின்னக் குழி பறித்து,
தயங்கி,
உள்ளே போனது.

கயிறு ஒரு முறை அசைந்தது.
சுண்டுவிரல்
என் விரலை வெடுக்கென்று இழுத்து
விட்டது.

வாய் மட்டும் சொன்னது:
"அப்பா, ஆமை."
"பெரிசா?"
"என்னையேதான் பாக்குது."

குழாயில் சிவப்பு தலைகாட்டியது.
முகக்கவசத்துக்குள் மரிசெல் மூச்சு விட்டது
துணி உப்பித் தெரிந்தது.
ஒரே குத்தல்.
யாரும் யாரையும் பிடிக்கவில்லை.
நான் கழிவறைக்குப் போய் முகம் கழுவினேன்,
கண்ணாடிக்கு முதுகு காட்டி நின்று
துடைத்துக்கொண்டேன்.

ராத்திரி எட்டரைக்கு எங்கள் புளோக்.
இந்த மின்தூக்கி வேறு கம்பெனி பார்ப்பது,
நான்காவது மாடியில் லேசாக உதறும்.
கண்ணாடிக்கு முன்னால்
கட்டுப் போட்ட கையைத் தூக்கி வைத்து
ஆமை மாதிரி நீந்திக் காட்டினாள்.

"குத்துனது தெரியவே இல்லல்ல?"
என்றேன், ஏதோ நானே கண்டுபிடித்த இயந்திரம் போல.

"தெரிஞ்சுதே."

"அப்ப ஏன் கத்தல?"

"கத்துனா ஆமை போயிடும்."

நான்காவது மாடி. உதறல்.
பதினோரு வருடத்தில் நான் கண்ணாடிகளைத்தான் மாட்டினேன்,
அதற்குள்ளிருந்து யாரும் என்னைப் பார்த்து
இப்படிச் சொன்னதில்லை.

ஏழு. எட்டு.
எண்களையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"ஊசி பரவால்லப்பா" என்றாள்,
இடது சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டே.
"நீதான் ரொம்ப இறுக்கிட்ட.
அதான் இழுத்தேன்."

பன்னிரண்டு.
கதவு திறந்து,
நாங்கள் இறங்காததால்
மறுபடி மூடிக்கொண்டது.